எம்ஆர்என்ஏ இறங்கிவிட்டது, புரதம் அசையவே இல்லை: எஸ்ஐஆர்என்ஏ வேலை செய்ததா, இல்லையா?

புதுக்கை (கேள்வி)

வணக்கம். முதுகலை இறுதியாண்டு புராஜெக்ட்டில் இருக்கிறேன். ஆறு குழித் தட்டில் செல்களை வளர்த்து, 21 எழுத்து எஸ்ஐஆர்என்ஏ (ஒரு மரபணுவை அடக்கப் போடும் குட்டி இரட்டை இழை ஆர்என்ஏ) ஒன்றை லிப்பிட் என்ற கொழுப்புக் கலவையோடு சேர்த்துக் கொடுத்தேன். 24 மணி நேரம் கழித்து பாதிக் குழிகளை ஆர்என்ஏவுக்கும் மீதியைப் புரதத்துக்கும் எடுத்தேன். ஆர்என்ஏ அளவை அளக்கும் கியூபிசிஆரில் என் மரபணுவின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கும் பிரதி) 80 சதவீதம் குறைந்திருந்தது. துள்ளிக் குதித்தேன். மறுநாள் ஆன்டிபாடியால் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தால், ஒப்பிட வைத்த கன்ட்ரோல் பட்டையும் என் பட்டையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

சீனியர் "மரபணு சைலன்ஸ் ஆகிவிட்டது (அடங்கிவிட்டது), ஆன்டிபாடிதான் சரியில்லை" என்கிறார். எனக்கு அதற்கு முந்தைய கேள்வியே தீரவில்லை. மரபணு சைலன்ஸ் ஆகிவிட்டது என்றால் என்னதான் நடந்தது? நான் போட்ட துண்டு டிஎன்ஏவிடம் போகிறதா? இத்தனை ஆயிரம் எம்ஆர்என்ஏ மிதக்கும் இடத்தில் 21 எழுத்து தன் ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? புத்தகத்தில் ஒரு கத்தரிக்கோல் படம் போட்டு முடித்துவிட்டார்கள். மைக்ரோ ஆர்என்ஏ (செல் தானே செய்துகொள்ளும் குட்டி ஆர்என்ஏ) வெட்டாது, ஆனாலும் அடக்கும் என்று அடுத்த பத்தியில் வருகிறது. அது இன்னும் குழப்புகிறது.

நூற்புழு

ஆன்டிபாடியைத் திட்டாதீர்கள், பாவம். 24 மணி நேரத்தில் புரதம் இருக்கத்தான் செய்யும்.

உங்கள் மரபணு உட்கருவுக்குள் ஒரு எழுத்துகூடக் குலையாமல் இருக்கிறது. இந்த நிமிடமும் அதிலிருந்து எம்ஆர்என்ஏ படியெடுக்கப்பட்டு வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். வந்த பிரதிகளைச் சைட்டோபிளாசத்தில் வைத்து நீங்கள் கிழித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு முன்பே ரைபோசோம் செய்து முடித்த புரதத்தை எஸ்ஐஆர்என்ஏ தொடவே தொடாது. அது தன் ஆயுள் முடிந்துதான் போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். புரதத்தின் அரை ஆயுள் 48 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய உற்பத்தி முதல் நிமிடத்திலேயே ஐந்தில் ஒரு பங்காக விழுந்துவிட்டது என்றும் தாராளமாக வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் பழைய அளவில் 77 சதவீதம் இன்னும் அங்கேயே இருக்கும். 100க்கும் 77க்கும் உள்ள வித்தியாசத்தை வெஸ்டர்ன் பட்டையில் கண்ணால் பிடிக்க நினைப்பது பேராசை. செல்கள் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்தால் புரதமும் பங்கு போகும். அந்தக் கணக்கில் 24 மணி நேரத்தில் 48 சதவீதம், 72 மணி நேரத்தில் 24 சதவீதம் என்று இறங்கும். அதனால் 48, 72, 96 மூன்றையும் எடுங்கள். உங்கள் புரதத்தின் அரை ஆயுளை யாராவது அளந்திருக்கிறார்களா என்றும் தேடுங்கள்.

இப்போது கத்தரிக்கோல் படம். நீங்கள் கொடுத்தது இரண்டு இழை சேர்ந்த ஒரு குட்டி ஏணி. 19 படி சோடியாக இருக்கும், இரண்டு பக்கமும் 3 பிரைம் முனையில் (இழையின் பின் முனை, முன் முனை 5 பிரைம்) இரண்டு எழுத்து மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நீளமான இரட்டை இழை உள்ளே வந்தால் டைசர் என்ற நொதி இந்த அளவுக்குத்தான் நறுக்கும். உங்களுடையது நறுக்கியே வந்த சரக்கு. நேராக ஆர்கோனாட் என்ற புரதத்திடம் போகிறது. ரிஸ்க் என்று புத்தகத்தில் இருக்கும் கூட்டுப்பொருளின் நடுநாயகம் இதுதான்.

ஆர்கோனாட்டுக்கு இரண்டு இழையும் வேண்டாம், ஒன்று போதும். எதை வைத்துக்கொள்வது என்பதில் ஒரு எளிய வழக்கம் உண்டு: எந்த இழையின் 5 பிரைம் முனை தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஏ-யு சோடிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, ஜி-சிக்கு மூன்று. அதனால் ஏ-யு நிறைந்த முனை எளிதாகப் பிரியும். அந்த இழை வழிகாட்டி ஆகிறது, மற்றது வெட்டுப்பட்டுக் கழிந்துவிடும். வடிவமைக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் தவறான இழை உள்ளே உட்கார்ந்துகொண்டு வேறு யாரையோ தேடும்.

தேடுவது எப்படி என்று கேட்டீர்கள். 21 எழுத்தையும் வைத்துக்கொண்டு தேடுவதில்லை. வழிகாட்டியின் முதல் எழுத்தை ஆர்கோனாட் தன் பைக்குள் செருகிக்கொள்கிறது. 2 முதல் 8 வரை உள்ள எழுத்துகளை மட்டும் வளைத்து, சோடி சேரத் தோதாக வெளியே காட்டுகிறது. சீட் என்று நாங்கள் சொல்லும் விதைப் பகுதி இது. கண்ணில் படும் ஆர்என்ஏவில் எல்லாம் இந்த ஏழு எழுத்தை உரசிப் பார்க்கும். பொருந்தாவிட்டால் நகர்ந்துவிடும். பொருந்தினால் நின்று மீதி எழுத்துகளையும் கோத்துப் பார்க்கும். நடுப்பகுதி வரை நன்றாகச் சேர்ந்துவிட்டால், வழிகாட்டியின் 10ஆவது, 11ஆவது எழுத்துகளுக்கு எதிரே எம்ஆர்என்ஏவில் ஒரே ஒரு வெட்டு. மனிதச் செல்லில் ஆர்கோனாட் நான்கு வகை உண்டு. இந்த வெட்டை முக்கியமாகச் செய்வது இரண்டாவது வகை.

வெட்டுப்பட்ட இரண்டு துண்டுக்கும் ஒரு முனை காப்பில்லாமல் போய்விடுகிறது. அங்கிருந்து வேறு நொதிகள் அரித்துத் தின்றுவிடும். வழிகாட்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அதே ஆர்கோனாட் அடுத்த எம்ஆர்என்ஏவைத் தேடிப் போகும். ஒன்றுக்கு ஒன்று என்று அடைத்து வைக்கும் வேலையாக இருந்திருந்தால் நீங்கள் போட்ட நானோமோலார் அளவு எந்த மூலைக்கும் போதாது.

ஒரு பின்குறிப்பு. துண்டுகள் தின்னப்படுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். கியூபிசிஆர் பிரைமர்கள் (எந்தப் பகுதியை அளப்பது என்று குறிக்கும் சிறு துண்டுகள்) வெட்டுக்கு ஒரு பக்கத்தில், அழியத் தாமதமாகும் துண்டின் மேலே உட்கார்ந்திருந்தால், குறைந்ததும் குறையாதது போலத் தெரியும். முடிந்தால் வெட்டு விழும் இடம் நடுவில் வரும்படி பிரைமர் வையுங்கள்.

புதுக்கை

மிக்க நன்றி அண்ணா. 77 சதவீதக் கணக்கைச் சீனியரிடம் காட்டினேன், பேசாமல் போய்விட்டார். 72 மணி நேரத்துக்கு மறுபடி போட்டிருக்கிறேன். இன்னொன்று: செல்கள் கொஞ்சம் மெதுவாக வளர்வது போலத் தெரிகிறது. அப்படியானால் என் மரபணு வளர்ச்சிக்குத் தேவை என்று எழுதலாம்தானே?

நூற்புழு

அண்ணா இல்லை, அக்கா.

எழுதாதீர்கள். நான் எழுதிச் சூடு பட்டவள்.

முனைவர் பட்டத்தின் முதல் வருடம், இதே கதை. எஸ்ஐஆர்என்ஏ கொடுத்த செல்கள் சுருங்கி, தட்டில் ஒட்டாமல் உருண்டையாகி மிதந்தன. கன்ட்ரோல் தட்டு பாய் விரித்த மாதிரி நிறைந்திருந்தது. என் மரபணு இல்லாவிட்டால் செல் சாகும் என்று எட்டுப் பக்கம் எழுதினேன், நான்கு வண்ணத்தில் வரைபடம் வேறு. வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டு ஒரே ஒரு வரி கேட்டார்: "இரண்டாவது எஸ்ஐஆர்என்ஏ எங்கே?" அதே மரபணுவின் வேறொரு இடத்தைக் குறிவைத்து ஒன்று வாங்கினேன். அது என் எம்ஆர்என்ஏவை முதலாவதைவிட நன்றாகவே இறக்கியது. புரதமும் போனது. செல்கள் ஒன்றுமே நடக்காதது போல வளர்ந்துகொண்டே இருந்தன. இரண்டு மாத வேலை குப்பைக்குப் போனது.

காரணம் அந்த ஏழு எழுத்துதான். 21 எழுத்துள்ள ஒரு வரிசை தற்செயலாக அமைய 4.4 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு. அதைக் கேட்டுத்தான் இது குறி தப்பாது என்று எல்லாரும் நம்பினோம். ஏழு எழுத்துக்கு 16,384இல் ஒன்று. எம்ஆர்என்ஏக்களின் 3 பிரைம் வால்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும்போது அந்த ஏழு எழுத்து எத்தனை இடத்தில் வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அங்கெல்லாம் உங்கள் எஸ்ஐஆர்என்ஏ வெட்டாது. மைக்ரோ ஆர்என்ஏ வேடம் போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கும். பத்து மரபணு முப்பது முப்பது சதவீதம் இறங்கினால் செல்லுக்கு உடம்பு சரியில்லாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

அதனால் குறைந்தது இரண்டு எஸ்ஐஆர்என்ஏ வேண்டும், வேறு வேறு விதைப் பகுதியோடு. இரண்டும் ஒரே விளைவைத் தந்தால் கொஞ்சம் நம்பலாம். உண்மையிலேயே நிரூபிக்க வேண்டுமென்றால் மீட்புச் சோதனை செய்யுங்கள்: அதே புரதத்தைச் செய்யும், ஆனால் எஸ்ஐஆர்என்ஏ உட்காரும் இடத்தில் மட்டும் எழுத்துகளை மாற்றிய ஒரு மரபணுப் பிரதியைச் செல்லுக்குள் கொடுப்பது. ஒரே அமினோ அமிலத்துக்குப் பல குறியன்கள் (மூன்றெழுத்துக் குறிகள்) இருப்பதால் இது முடியும். அதைக் கொடுத்ததும் செல் தேறினால், அப்போது எழுதுங்கள் எட்டுப் பக்கம்.

இதழ்நிறம்

நூற்புழு அக்கா சொன்னதில் ஒரு இடத்தில் இடைமறிக்கிறேன். "மரபணு ஒரு எழுத்துகூடக் குலையாமல் இருக்கிறது" என்பது இவருடைய தட்டுக்குச் சரி. செடிகளில் வேலை செய்பவன் அதை அப்படியே விட முடியாது. எங்கள் பக்கம் 24 எழுத்து ஆர்என்ஏக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவை ஆர்கோனாட்டின் வேறொரு வகையோடு சேர்ந்து உட்கருவுக்குள்ளேயே போய், அந்த இடத்து டிஎன்ஏவில் மீத்தைல் குழுக்களை ஒட்டவைக்கின்றன. எழுத்து மாறாது, ஆனால் படியெடுப்பதே நின்றுவிடும். அப்படிப்பட்ட அமைதி சில சமயம் விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகிறது. தாவும் மரபணுக்களைக் கட்டிப்போட்டு வைப்பதற்குத்தான் பெரும்பாலும் இந்த ஏற்பாடு.

கதையே செடியில்தான் ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சி. எலிகன்ஸ் என்ற குட்டிப் புழுவில் வேலை செய்யும் அக்கா மாதிரிப் புழுக்காரர்கள் இதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். பெட்டூனியா பூவின் ஊதா நிறத்துக்குச் சால்கோன் சிந்தேஸ் என்ற நொதி தேவை. அதன் மரபணுவை இன்னொரு பிரதி சேர்த்தால் ஊதா இன்னும் அடர்த்தியாகும் என்று நினைத்தார்கள். 1990இல் வெளியான முடிவு: நிறைய செடிகளில் பூ வெள்ளை. சிலவற்றில் ஊதாவும் வெள்ளையும் கலந்து, ஒரே செடியின் பூக்களே வேறு வேறு கோலத்தில். சேர்த்த மரபணு வேலை செய்யவில்லை என்றால் பழைய ஊதாவாவது இருந்திருக்க வேண்டும். சேர்த்ததோடு செடியின் சொந்த மரபணுவும் சேர்ந்து வாய் மூடிவிட்டது. காரணம் தெரியாததால் கூட்டு ஒடுக்கம் என்று ஒரு பெயர் வைத்துக் காத்திருந்தார்கள்.

அப்புறம் 1995இல் புழுவில் இன்னொரு விநோதம். எம்ஆர்என்ஏவோடு சோடி சேரும் எதிர் இழையைச் செலுத்தினால் மரபணு அடங்கும், அது எதிர்பார்த்ததுதான். கன்ட்ரோலாக வைத்த, எம்ஆர்என்ஏவின் அதே வரிசையுள்ள நேர் இழையும் அதே அளவு அடக்கியது. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் அதை அவிழ்த்தார்கள்: தனி இழைகள் நன்றாகச் சுத்தமாக இருந்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. இரண்டையும் சோடி சேர்த்துச் செலுத்தினால்தான் வேலை நடக்கிறது, அதுவும் செல்லுக்குச் சில மூலக்கூறுகளே போதுமானதாக இருந்தன. மறுவருடம் ஹாமில்டனும் பால்கோமும் செடிகளில் சுமார் 25 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏக்களை ஜெல்லில் பிடித்தார்கள். அதுவரை எல்லாருடைய ஜெல்லிலும் அவை கீழே ஓடி வெளியே போய்க்கொண்டிருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

செடிக்கு இது வைரஸை விரட்டும் ஆயுதம். வைரஸும் சும்மா இருக்குமா? டோம்பஸ் வகை வைரஸ்களிடம் பி19 என்று ஒரு புரதம் உண்டு. இரண்டு பி19 சேர்ந்து, 21 எழுத்து இரட்டை இழையின் இரு முனையையும் அளவுகோல் வைத்தாற்போலப் பிடித்து, ஆர்கோனாட்டிடம் போகாமல் தடுத்துவிடும். நீளம் பார்த்துப் பிடிக்கிறது, எழுத்து பார்த்து இல்லை. அதனால் செடி எந்த வரிசையை வெட்டினாலும் அதற்குக் கவலை இல்லை.

நூற்புழு

இதழ்நிறம் சொன்னது சரி, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். பிளவு ஈஸ்ட்டிலும் குட்டி ஆர்என்ஏ குரோமாட்டினை (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த சுருள்) இறுக்குகிறது. நான் பேசியது புதுக்கையின் தட்டை மட்டும்.

வேகமாகத் தாண்டுவோம் என்ற புகாருக்குப் பதில்: எங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தால் நீங்களும் தாண்டிவிடுவீர்கள். ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. தசையில் உள்ள அன்க்-22 மரபணுவுக்கு எதிரான இரட்டை இழை ஆர்என்ஏவைச் செய்யும் பாக்டீரியாவை அகார் தட்டில் பூசிவிட்டு, புழுவை அதன்மேல் விட்டுவிட வேண்டியதுதான். ஊசி கிடையாது, லிப்பிட் கிடையாது. சாப்பாட்டோடு மருந்து. சில நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டிப் புழுக்கள் நெளிந்து போவதற்குப் பதிலாக உடம்பு முழுக்க விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது மேசைதான் ஆடுகிறது என்று நினைத்துக் கையை வைத்து அழுத்தினேன். குடலில் போன ஆர்என்ஏ தசைக்கு எப்படிப் போனது? புழுவின் செல்களில் அதை உள்ளே விடும் சிட்-1 என்ற வாயில் இருக்கிறது. போதாததற்கு, வந்ததை வைத்து மேலும் பிரதியெடுக்கும் நொதியும் உண்டு. உங்கள் செல்களில் அந்தப் பிரதியெடுக்கும் ஏற்பாடு இல்லை. அதனால்தான் நீங்கள் போட்டது பிரிந்து பிரிந்து நீர்த்துப்போய் ஒரு வாரத்தில் எம்ஆர்என்ஏ திரும்பிவிடும்.

மைக்ரோ ஆர்என்ஏ கேள்விக்கு வருகிறேன். லின்-4 என்ற மரபணு கெட்டுப்போன புழு, முதல் லார்வா பருவத்து வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்யும், சரியாக முதிராது. அது என்ன புரதத்தைச் செய்கிறது என்று விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவினர் தேடினார்கள். புரதமே இல்லை. கிடைத்தது 22 எழுத்து ஆர்என்ஏ. கேரி ரவ்குன் குழு லின்-14 என்ற வேறொரு மரபணுவை வைத்திருந்தது. இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, லின்-14 எம்ஆர்என்ஏவின் வாலில் ஏழு இடத்தில் லின்-4 அரைகுறையாகச் சோடி சேர்கிறது. இது 1993இல். புழுவின் தனிப்பட்ட கிறுக்கு என்று பெரும்பாலானோர் விட்டுவிட்டார்கள். 2000இல் லெட்-7 வந்து, அது மனிதரிடமும் அப்படியே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கூட்டம் கூடியது. ஃபயருக்கும் மெல்லோவுக்கும் 2006இலேயே நோபல் கிடைத்துவிட்டது. முதலில் பார்த்த இந்த இருவருக்கும் 2024இல்தான்.

"அரைகுறை" என்ற சொல்லில்தான் உங்கள் குழப்பத்துக்கு விடை இருக்கிறது. விதைப் பகுதி மட்டும் பொருந்தி, நடுவில் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றால் ஆர்கோனாட்டின் கத்தி வாட்டமாக விழாது. அதனால் வெட்டாமல், அங்கேயே உட்கார்ந்துகொண்டு ஆள் கூப்பிடும். ஜிடபிள்யூ182 என்ற புரதம் வரும், அது வால் நறுக்கும் கூட்டத்தை இழுத்து வரும். எம்ஆர்என்ஏவின் கடைசியில் ஏ எழுத்தாகவே நீளும் பாலி-ஏ வால் குறைந்துகொண்டே போகும், பிறகு தலையில் உள்ள தொப்பியும் கழற்றப்படும். தொப்பி போனால் சிதைவுதான். இதற்கிடையில் ரைபோசோம் ஏறுவதும் குறையும். மொத்த விளைவு பெரும்பாலும் பாதிக்கும் குறைவான இறக்கம். உங்கள் 80 சதவீதத்தோடு ஒப்பிட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான எம்ஆர்என்ஏக்களைக் கொஞ்சம் கொஞ்சம் தட்டி வைக்கிறது.

ஆறுமாதஊசி

ஒரு வாரத்தில் திரும்பிவிடும் என்று அக்கா சொன்னதால் ஒரு சிறு சேர்க்கை. இன்கிளிசிரான் என்ற கொலஸ்ட்ரால் மருந்தும் எஸ்ஐஆர்என்ஏதான். கல்லீரலில், கொலஸ்ட்ராலைக் கூட்டும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தின் எம்ஆர்என்ஏவை வெட்டுகிறது. ஆரம்பத் தவணைகள் முடிந்ததும் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. தட்டில் ஒரு வாரம், உடம்பில் ஆறு மாதமா என்றால், முதல் காரணம் கல்லீரல் செல்கள் அவ்வளவாகப் பிரிவதில்லை, அதனால் பங்கு போவதில்லை. அதோடு இந்த ஆர்என்ஏவின் சர்க்கரையிலும் முதுகெலும்பிலும் வேதி மாற்றங்கள் செய்திருப்பார்கள், நொதிகளால் லேசில் கடிக்க முடியாது. செல்லுக்குள் போன சரக்கில் பெரும்பகுதி எண்டோசோம் பைகளில் அடைபட்டுக் கிடந்து, மெல்ல மெல்லக் கசிகிறது.

கல்லீரலுக்கே போவதற்கு முனையில் கால்நாக் என்ற சர்க்கரைக் கொத்து கட்டியிருக்கும். அதைப் பிடிக்கும் ஏற்பி கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் ஏராளம். 2018இல் முதலில் அனுமதி பெற்ற எஸ்ஐஆர்என்ஏ மருந்தான பட்டிசிரானுக்கு அது கிடையாது, லிப்பிட் துகளில் பொதிந்து இரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். மூளைக்கும் தசைக்கும் கொண்டுபோவது இன்னும் கடினமான வேலை.

புதுக்கைக்கு ஒரு எச்சரிக்கை: புழுவைப் பார்த்து ஆசைப்பட்டு நீளமான இரட்டை இழையை உங்கள் செல்லில் போட்டுவிடாதீர்கள். 30 சோடிக்கு மேல் போனால் வைரஸ் வந்துவிட்டது என்று செல் இன்டர்ஃபெரான் மணியை அடித்து, எல்லாப் புரத உற்பத்தியையும் நிறுத்திவிடும். 2001இல் டுஷ்லின் குழுவினர் 21 எழுத்துத் துண்டைக் கொடுத்து அந்த மணி அடிக்காமல் உள்ளே போன பிறகுதான் பாலூட்டிச் செல்களில் இந்த வேலையே ஆரம்பித்தது.

புதுக்கை

72 மணி நேர பிளாட் வந்துவிட்டது. பட்டை தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது! கன்ட்ரோலில் கால் பங்குக்கும் கீழே. ஆன்டிபாடி நிரபராதி.

இரண்டாவது எஸ்ஐஆர்என்ஏ ஃப்ரீசரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது, சீனியர் வாங்கி வைத்தது. அக்கா சொன்னதால் போடுவதற்கு முன்பு இரண்டின் வழிகாட்டி இழையையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். 2 முதல் 8 வரை உள்ள ஏழு எழுத்தில் ஆறு ஒன்றாகவே இருக்கிறது. இதையே போடலாமா, வேறு வாங்கட்டுமா?

நூற்புழு

வேறு வாங்குங்கள். இதை எழுதிப் பார்க்கத் தோன்றியதே, அதற்கு நானே உங்கள் சீனியரிடம் பேசுகிறேன்.